ஆள்காட்டி விரல் நுனிச் சதை போய் எலும்பு தெரிகிறது: எந்த ஃப்ளாப் (ரத்த ஓட்டத்தோடு நகர்த்தி வைக்கும் தோல்) போடலாம்?

தாலுகா_ஆர்த்தோ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 34 வயது ஆண், பவர் பிரஸ் ஆபரேட்டர், வலது கைப் பழக்கம். வலது ஆள்காட்டி விரலின் நுனிச் சதை உள்ளங்கைப் பக்கமாகச் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கிறது. இழப்பு 1.6 செ.மீ. நீளம், 1.4 செ.மீ. அகலம். கட்டைவிரல் பக்கம் அதிகம் போயிருக்கிறது, நடுவிரல் பக்கம் சதை கொஞ்சம் மிச்சம். நடுவில் 5 மி.மீ. அளவுக்கு எலும்பு தெரிகிறது. நகமும் நகப்படுகையும் முழுசாக இருக்கின்றன. எக்ஸ்ரேயில் நுனி எலும்பின் முனையில் சின்னச் சிதறல், மூட்டில் ஒன்றும் இல்லை. நுனி மூட்டை மடக்கி நீட்ட முடிகிறது. சர்க்கரை இல்லை, பீடி உண்டு. துண்டான சதை நசுங்கிப் போய்விட்டது, திரும்ப வைக்க வழியில்லை.

விரலைக் குறைத்துத் தைத்து அனுப்பிவிடலாம் என்று ஒரு கருத்து வந்தது. நகம் நன்றாக இருக்கும்போது அதைச் செய்ய மனமில்லை. இங்கே மைக்ராஸ்கோப் கிடையாது, 2.5 மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) இருக்கிறது, தோள்பட்டை பிளாக் (கை முழுவதையும் மரக்க வைக்கும் ஊசி) கொடுக்க மயக்க மருத்துவர் இருக்கிறார். வி-ஒய் (V வடிவில் வெட்டி, முன்னே தள்ளி, Y வடிவில் தைப்பது) போதுமா, கிராஸ் ஃபிங்கர் (பக்கத்து விரல் தோலைச் சில வாரம் பாலம் போல ஒட்டி வைப்பது) போடலாமா, வேறு ஏதாவது உண்டா? எங்கே தவறு நடக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.


கை_சர்ஜன் பதில்:

நகத்தைக் காப்பாற்ற நினைத்தது சரி. இந்த விரல் பேனா பிடிக்க வேண்டும், நட்டு திருக வேண்டும், சட்டைப் பொத்தான் போட வேண்டும். அதற்கெல்லாம் கட்டைவிரலைப் பார்த்த பக்கம்தான் வேலை செய்கிறது, அதுதான் போயிருக்கிறது. ஆகவே எலும்பை மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். உணர்ச்சியுள்ள தோல் அங்கே வர வேண்டும்.

சாதாரண வி-ஒய் இங்கே பற்றாது. அடசாய் 1970-இல் எழுதிய முன்பக்க வி-ஒய் குறுக்காக நேரே போன வெட்டுக்கு, அல்லது நகப் பக்கம் அதிகம் போன வெட்டுக்கு அருமையானது. அது நகர்வது 1 செ.மீ.தான். தவிர, உள்ளங்கைப் பக்கம் சதை போன விரலில் அந்த முக்கோணத்தை வரையவே இடம் இருக்காது. இழுத்துத் தைத்தால் நகப்படுகையும் கூடவே கீழே வளைந்து, ஆறு மாதத்தில் நகம் கொக்கி மாதிரி வளரும்.

என் முதல் தேர்வு சாய்வு முக்கோண ஃப்ளாப். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் வெங்கடசாமியும் சுப்ரமணியனும் உருவாக்கி 1980-இல் வெளியிட்ட முறை. இப்படிச் சாய்வாகப் போன விரல் நுனிக்காகவே வகுத்தது, இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஒரு பக்க ரத்தக்குழாயும் நரம்பும் ஃப்ளாப்போடு சேர்ந்தே முன்னால் வருவதால் தோல் தன் உணர்ச்சியோடு வருகிறது. உங்கள் கேசில் சதை மிஞ்சியிருப்பது நடுவிரல் பக்கம். ஆள்காட்டி விரலில் பெரிய தமனியும் பொதுவாக அந்தப் பக்கம்தான். பக்கவாட்டுத் தழும்பும் கிள்ளிப் பிடிக்கும் பக்கத்தில் விழாது. மூன்றும் ஒத்துப்போகின்றன.

முதலில் விரலின் இரண்டு தமனிகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். விரலடியில் இரண்டு பக்கமும் அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, ஒரு பக்கம் மட்டும் விட்டு நுனி சிவக்கிறதா பாருங்கள், பிறகு மறு பக்கம். ஒரு பக்கம்தான் ஓடுகிறது என்றால் அந்தக் குழாயில் கை வைக்காதீர்கள்.

மயக்கம் தோள்பட்டை பிளாக், மேல்கையில் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) 250 மி.மீ. அழுத்தம். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன் போட்டு விழித்த நிலையில் செய்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாகச் செய்பவருக்கு அது வேண்டாம் என்பேன், கடைசியில் ஃப்ளாப் வெளுத்திருப்பது மருந்தாலா, முறுக்கிய குழாயாலா என்று பிரித்தறிய முடியாது.

வெட்டு இரண்டு. முதல் வெட்டு நடுவிரல் பக்கத்தில், விரலை முழுக்க மடக்கும்போது மடிப்புக் கோடுகள் முடியும் புள்ளிகளைச் சேர்த்து வரையும் பக்கவாட்டுக் கோட்டில். இது நரம்பு-குழாய்க்கட்டுக்குச் சற்று முதுகுப் பக்கமாக ஓட வேண்டும். இரண்டாவது வெட்டு புண்ணின் கட்டைவிரல் பக்க ஓரத்தில் தொடங்கி, விரலின் முன்பக்கத்தைச் சாய்வாகக் கடந்து, நடு மூட்டு மடிப்பருகே முதல் வெட்டைச் சந்திக்க வேண்டும். முக்கோணத்தைச் சின்னதாக வரைந்துவிட்டுப் பிறகு நகரவில்லை என்று இழுப்பவர்கள்தான் அதிகம். அளவில் சந்தேகம் இருந்தால் முனையை நடு மூட்டைத் தாண்டி அரை செ.மீ. கீழே கொண்டுபோங்கள்.

சாய்வு வெட்டில் தோலைக் கடந்ததும் கத்தியை வைத்துவிட்டு நுனிக் கத்தரியால் பிரியுங்கள். மறு பக்கத்து நரம்பு-குழாய்க்கட்டு அங்கே குறுக்கே வரும், அதை விரலிலேயே விட்டுவிட வேண்டும். அதன் அறுந்த நரம்பு முனை புண் ஓரத்தில் தெரிந்தால், மெதுவாக இழுத்து நறுக்கி உள்ளே போக விடுங்கள். இல்லாவிட்டால் தழும்புக்குள் நரம்பு முடிச்சு விழுந்து, தொட்டாலே ஷாக் அடிக்கும். பிறகு ஃப்ளாப்பை டெண்டன் (தசைநாண்) உறையின் மேல் மட்டத்தில், உறையைத் திறக்காமல், நுனியிலிருந்து பின்னோக்கி எழுப்புங்கள். எலும்பிலிருந்து தோலுக்குப் போகும் நார்ப்பட்டைகள் எல்லாம் அறுபட வேண்டும். ஃப்ளாப் நகராததற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் பக்கவாட்டில் மிஞ்சிய ஒரு பட்டைதான், குழாயின் நீளம் அல்ல. ஸ்கின் ஹுக்கால் முன்னே இழுத்துக்கொண்டே விரல் நுனியால் தடவினால் கம்பி மாதிரி தட்டுப்படும்.

தமனியைச் சுத்தமாக உரிக்காதீர்கள். சிரை ரத்தம் திரும்புவது அதைச் சுற்றியிருக்கும் கொழுப்பில் ஓடும் நுண்சிரைகள் வழியாகத்தான். அந்தக் கொழுப்பு போனால் ஃப்ளாப் இரண்டாம் நாள் கறுநீலமாகும். குறுக்குக் கிளைகளை பைபோலாரால் (மின்சூட்டு இடுக்கி) குழாயிலிருந்து 2 மி.மீ. தள்ளிச் சுடுங்கள். இப்படிச் செய்தால் 1 முதல் 1.5 செ.மீ. வரை தாராளமாக வரும். மீதிக்கு நடு மூட்டைச் சற்று மடக்கலாம். அந்த மடக்கலுக்குப் பின்னால் ஒரு விலை உண்டு, பிசியோ யாராவது எழுதுவார்கள்.

எலும்பு முனையின் சிதறலை மட்டும் ரோஞ்சரால் (எலும்பைக் கடிக்கும் இடுக்கி) சமன் செய்யுங்கள். நகப்படுகைக்கு அடியில் எலும்புத் தாங்கல் இருந்தாக வேண்டும். எலும்பைக் குறைக்க நேர்ந்தால் நகப்படுகையையும் எலும்பு முனைக்கு 2 மி.மீ. முன்னதாகவே முடியும்படி நறுக்கிவிடுங்கள். ஃப்ளாப்பின் நுனியை நகப்படுகையோடு சேர்க்க 6-0 கரையும் தையல். அந்த இடத்தில் இழுப்பே இருக்கக் கூடாது. ஒரு 23 கேஜ் ஊசியை ஃப்ளாப் வழியாக நுனி எலும்பில் குத்தி நிறுத்தினால் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும், 10 முதல் 14 நாளில் எடுத்துவிடலாம். பக்கங்களுக்கு 5-0 நைலான், தளர்வாக.

கடைசித் தையல்களுக்கு முன் டூர்னிக்கெட்டை இறக்குங்கள். வெதுவெதுப்பான சலைன் துணி போட்டு 10 நிமிடம் பொறுங்கள். சிவக்கவில்லையென்றால் நுனித் தையலை அவிழ்த்து, விரலை இன்னும் கொஞ்சம் மடக்கிப் பாருங்கள். அப்போதும் வெளுப்பாக இருந்தால் குழாய் முறுக்கியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். குழாய்க்கட்டின் மேல் வரும் கீழ்முனையை இறுக்கி மூட வேண்டாம். 3, 4 மி.மீ. திறந்து விட்டால் இரண்டு வாரத்தில் தானாக மூடும். அழகுக்காக அதை மூடி ஃப்ளாப்பை இழந்த கேஸ்கள் உண்டு.


பிளாஸ்டிக்_மதுரை பதில்:

மேலே எழுதியது முழுக்கச் சரி, ஆனால் ஒரு கேள்வி பாக்கி. பிரஸ் வெட்டியதா, நசுக்கியதா? கூர்மையான டையில் (பிரஸ்ஸின் வெட்டும் அச்சு) வெட்டியது என்றால் சாய்வு முக்கோணம்தான். துண்டான சதை நசுங்கிப் போய்விட்டது என்கிறீர்கள். விரலில் மிஞ்சிய தோலும் நசுங்கி நீலம் பாரித்திருந்தால், அடிபட்ட பகுதிக்குள்ளிருந்தே ஃப்ளாப் எடுப்பதாகிவிடும். தமனி ஓடும், ஆனால் உள்சுவர் கிழிந்து மறுநாள் அடைக்கும். அப்படியானால் இன்று கழுவிச் செத்ததை அகற்றி, ஈரக் கட்டுப் போட்டு, 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து முடிவெடுங்கள். எலும்பு காயாமல் இருந்தால் இரண்டு நாளில் ஒன்றும் கெட்டுவிடாது.

அப்போதும் சந்தேகம் இருந்தால் கிராஸ் ஃபிங்கர். அடிபடாத நடுவிரலிலிருந்து தோல் வருகிறது, லூப் கூட அவசியமில்லை. தையல் நூல் வரும் அலுமினியத் தாளைப் புண்ணின் அளவுக்கு வெட்டி, நடுவிரலின் நடு எலும்புப் பகுதியில், முதுகுப் பக்கம் வைத்து வரையுங்கள். எல்லாப் பக்கமும் 2 மி.மீ. கூடுதல் விடுங்கள், எடுத்ததும் தோல் சுருங்கும். கீல் (வெட்டாமல் விரலோடு ஒட்டியே விடும் ஓரம்) ஆள்காட்டி விரலை ஒட்டிய பக்கத்தில், பக்கவாட்டுக் கோட்டில் இருக்க வேண்டும். மற்ற மூன்று ஓரங்களை வெட்டி, டெண்டன் மேலிருக்கும் மெல்லிய படலத்தை அப்படியே விட்டு எழுப்புங்கள். இந்த ஒரு இடத்தில்தான் கவனம் வேண்டும். படலம் உரிந்து வெள்ளை டெண்டன் பளபளத்தால் அதன் மேல் கிராஃப்ட் (வேறிடத்திலிருந்து எடுத்து ஒட்டும் தோல்) பிடிக்காது, நல்ல விரலையும் கெடுத்ததாகிவிடும். கீல் பக்கத்தில் கிளெலாண்ட் பட்டைகளை (தோலை எலும்போடு பிடித்திருக்கும் நார்கள்) அறுத்தால்தான் ஃப்ளாப் புத்தகப் பக்கம் போலத் திரும்பும். அங்கே நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, பார்த்து அறுங்கள்.

எடுத்த இடத்துக்கு முழுத் தடிமன் கிராஃப்ட். தொடையிடுக்கு மடிப்பில் எடுத்தால் வெளிப்பக்கமாக எடுங்கள், உள்பக்கத் தோலில் பிறகு முடி வளரும். கொழுப்பைச் சுத்தமாக நறுக்கி, கீலின் அடிப்பக்கம் வரை கிராஃப்ட் போக வேண்டும். டை-ஓவர் கட்டு (கிராஃப்ட் மேல் பஞ்சை வைத்துத் தையல் நூலால் அழுத்திக் கட்டுவது) 5 முதல் 7 நாள். பாலத்தைப் பிரிப்பது 2 முதல் 3 வாரத்துக்குள். பிரிப்பதற்கு முன் பாலத்தை ரப்பர் பட்டையால் 10 நிமிடம் இறுக்கி ஃப்ளாப் நிறம் பாருங்கள்.

இதன் குறையையும் சொல்லிவிடுகிறேன். உணர்ச்சி மெல்லத்தான் வரும். நல்ல விரல் நுனி 3 முதல் 5 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகளைப் பிரித்தறியும். கிராஸ் ஃபிங்கரில் 8, 10 மி.மீ. வந்தாலே நல்ல பலன். பாதுகாப்புக்குப் போதும், ஊசி நூல் கோர்க்கப் போதாது. 50 வயதுக்கு மேல், மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு இரண்டு விரலும் சேர்ந்தே விறைக்கும் ஆபத்து அதிகம், அவர்களுக்குத் தவிர்ப்பேன்.


தாலுகா_ஆர்த்தோ:

மிக்க நன்றி சார். டை கூர்மையானது, வெட்டுதான். மிஞ்சிய தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது, நடுவிரல் பக்கத் தமனி நன்றாக ஓடுகிறது. சாய்வு முக்கோணமே செய்யப் பார்க்கிறேன். இதே இழப்பு கட்டைவிரலில் என்றால் முறை மாறுமா? பைக் செயின் துடைக்கும்போது மாட்டிக்கொண்டு வருபவர்கள் இங்கே நிறைய.


கை_சர்ஜன்:

மாறும். கட்டைவிரலில் 1 முதல் 1.5 செ.மீ. வரை மோபர்க் ஃப்ளாப். முன்பக்கத் தோல் முழுவதையும் இரண்டு நரம்பு-குழாய்க்கட்டுகளோடு டெண்டன் உறை மேலிருந்து எழுப்பி முன்னே தள்ளுவது. கட்டைவிரலின் முதுகுத் தோலுக்குத் தனி ரத்த ஓட்டம் இருப்பதால்தான் இது நடக்கிறது. மற்ற விரல்களில் முதுகுத் தோல் முன்பக்கத் தமனிகளின் கிளைகளை நம்பியிருக்கிறது, அங்கே இதைச் செய்தால் முதுகுத் தோல் செத்துப்போகும். தயவுசெய்து நீட்டிப் பார்க்க வேண்டாம்.

1.5 செ.மீ.க்கு மேல் போனால் ஃபூஷே 1979-இல் எழுதிய பட்டம் ஃப்ளாப். ஆள்காட்டி விரலின் அடி எலும்பு முதுகிலிருந்து, முதல் முதுகுப்புற மெட்டாகார்ப்பல் தமனியின் மேல் தீவாக எடுப்பது. தமனியைத் தேடிப் பிரிக்காமல் முதல் இடையெலும்புத் தசையின் உறையையும் ஒரு சிரையையும் ரேடியல் நரம்புக் கிளையையும் சேர்த்தே எடுங்கள். சுரங்கம் தாராளமாக, சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். அதில் நெருக்கினால் சிரை அடைபடும். கைக்கடிகாரம் கட்டும் பக்கம் வரை போக வேண்டியதில்லை, கட்டைவிரல் அடியில் எலும்பு இரண்டும் சேரும் கோணம் வரை பிரித்தால் எட்டும்.

செயினில் மாட்டியதில் கிரீஸும் துருவும் தோலுக்குள் ஏறியிருக்கும். அதைப் பிரஷ் போட்டுக் கழுவி எடுக்காமல் எந்த ஃப்ளாப்பும் போடாதீர்கள். எலும்பு தெரியாமல் 1 செ.மீ.க்குள் இழப்பு என்றால் ஃப்ளாப்பே வேண்டாம். ஒட்டும் ஃபிலிம் டிரெஸ்ஸிங் போட்டு வாரம் ஒரு முறை மாற்றுங்கள், 4 வாரத்தில் உணர்ச்சியோடு மூடும். உள்ளே பழுப்பு நீர் தேங்கி நாறும், அது சீழ் அல்ல என்று முதல் நாளே நோயாளியிடம் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் வேறு எங்காவது போய்ப் பிரித்துவிடுவார்.


ஓடி_சிஸ்டர்:

டாக்டர், வார்டுக்கு எழுதும் குறிப்பில் இதையும் சேருங்கள். முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒரு முறை, அடுத்த நாள் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை ஃப்ளாப் பார்க்க வேண்டும். அதற்குக் கட்டுத்துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஜன்னல் விடுங்கள், முழுக்கச் சுற்றிவிட்டால் யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். அழுத்திவிட்டால் 2, 3 விநாடியில் நிறம் திரும்புவது சரி. வெளுத்து, குளிர்ந்து, திரும்பவே இல்லையென்றால் தமனிப் பிரச்சினை. நீலமாகி, அழுத்தியவுடன் பளிச்சென்று திரும்பினால் சிரைப் பிரச்சினை. இரண்டாவதுக்கு முதல் வேலை கட்டைத் தளர்த்துவது, காய்ந்த ரத்தம் வளையம் போல இறுக்கியிருந்தால் ஈரப்படுத்தி எடுப்பது, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்துவது, பிறகு டாக்டரைக் கூப்பிட்டு ஒன்றிரண்டு தையலை எடுப்பது. மருந்து தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏசி காற்று நேராகக் கையில் படக் கூடாது. பீடி கூடாது என்பதைப் பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்ல வேண்டும், அவர்தான் கழிவறைக்குப் போகும்போது வாங்கிக் கொடுப்பார். சின்ன கேசுக்கு கிளவுஸ் விரலை உருட்டி டூர்னிக்கெட் போடும்போது அதில் ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் மாட்டி வையுங்கள். கிளவுஸ் நிறத்தில் ஒரு வளையம் கட்டுக்குள்ளேயே தங்கிவிட்டால் விரலே போய்விடும்.


பிசியோ_கை:

நடு மூட்டை மடக்கி ஃப்ளாப்பை எட்ட வைத்ததற்கு விலை பற்றிச் சார் எழுதியிருந்தார். அந்த மடக்கல் மூன்று வாரத்துக்கு மேல் நின்றால் மூட்டின் முன்பக்கத் தகடு சுருங்கிவிடும், அப்புறம் நீட்டுவது பெரும் பாடு. சாய்வு முக்கோணத்தில் 7 முதல் 10 நாள் வரை ஸ்பிளின்ட்டில் அந்தக் கோணத்திலேயே வைத்துவிட்டு, பிறகு வாரம் 10, 15 டிகிரி என்று நீட்டுங்கள். நீட்டும்போது ஃப்ளாப் நுனி வெளுத்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்துங்கள். 3 வாரம் முடிந்ததும் இரவில் நீட்டல் ஸ்பிளின்ட், குறைந்தது 6 வாரம். பகலில் நடு எலும்பைப் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கும் பயிற்சி, மணிக்கு 10 தடவை. தோள், முழங்கை, மற்ற மூன்று விரல்கள் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும். ஆள்காட்டி விரலைப் பாதுகாக்கிறேன் என்று முழுக் கையையும் மடியில் வைத்திருப்பவருக்கு நல்ல விரல்களும் விறைத்துப் போகும்.

நுனியில் சுருக்கென்ற கூச்சம் அநேகமாக எல்லோருக்கும் வரும். புண் ஆறியதும் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு அரிசி டப்பாவுக்குள் விரலை விட்டு அளைவது, ஒரு முறைக்கு 5 நிமிடம், நாளைக்கு 5 முறை. தாங்க முடிந்தால் ராகியிலிருந்து கொண்டைக்கடலை வரை சொரசொரப்பைக் கூட்டலாம். தேங்காய் எண்ணெய் விட்டுத் தழும்பை வட்டமாக அழுத்தித் தேய்ப்பது தையல் எடுத்து ஒரு வாரம் கழித்து. குளிர்ந்த தண்ணீரில் விரல் வலிப்பது ஒரு வருடம் கூட இருக்கும். அது ஃப்ளாப் கெட்டுப்போன அடையாளம் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். லேசான வேலைக்கு 6 வாரம், பிரஸ்ஸுக்கு 10 முதல் 12 வாரம்.


இன்டஸ்ட்ரியல்_டாக்டர்:

ஒரே ஒரு சேர்க்கை. ஆபரேஷன் குறிப்பில் எலும்பு இழப்பு உண்டா, எவ்வளவு என்பதைத் தெளிவாக எழுதுங்கள், எக்ஸ்ரே பிரதியை நோயாளி கையில் கொடுங்கள். 2025 வரை நடப்பில் இருந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இன் அட்டவணையில், ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனால் சம்பாதிக்கும் திறன் இழப்பு 9 சதவீதம், எலும்பு போகாமல் நுனி மட்டும் துண்டானால் 5 சதவீதம் என்று இருந்தது. முனையை ரோஞ்சரால் சமன் செய்ததை எழுதாமல் விட்டால், பிறகு மெடிக்கல் போர்டில் யார் கேட்டாலும் அவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. காயம் பட்ட நேரம், எந்த மெஷின், அதில் பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா என்பதை அவர் சொன்னபடியே விபத்துப் பதிவேட்டில் பதியுங்கள். டெட்டனஸ் ஊசி போட்ட நேரமும் அதிலேயே.